கப்பல் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வீடு: பனாமா கால்வாயில் பாய்மரப் படகுக் குடும்பங்கள்

வழக்கமான ஒரு வருஷத்தில் பனாமா கால்வாயை 13,000க்கும் மேற்பட்ட கலங்கள் கடக்கின்றன. கார் ஏற்றி வருபவை, எரிவாயு ஏற்றி வருபவை, பத்தாயிரத்துக்கு மேல் கண்டெய்னர் அடுக்கி வருபவை என்று எல்லாம் பெரும் கப்பல்கள். அதே வரிசையில் 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகும் நிற்கும். ஓரக் கம்பியில் குழந்தைகளின் துணி காயும். உள்ளே ஒரு மேசை. பகலில் அதுதான் பள்ளிக்கூடம், மாலையில் சாப்பாட்டு இடம், ராத்திரியில் பலகையை இறக்கி மெத்தை போட்டால் படுக்கை. விடுமுறைக்கு வந்த சுற்றுலாப் படகு இல்லை இது. அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு கிடையாது.

இப்படிக் கடலிலேயே வாழும் குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போது "சுதந்திரமான வாழ்க்கை" என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். நடுக்கடலில் அது ஓரளவு உண்மைதான். கால்வாய் வாசலில் அந்தச் சுதந்திரம் அப்படியே நின்றுவிடும். அங்கே அவர்களைக் காப்பாற்றுவது கட்டுப்பாடு. எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும், எந்தக் கயிறு யார் கையில் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெரிய கப்பலின் மாலுமி, இந்தச் சின்னப் படகு அடுத்து என்ன செய்யும் என்று யோசிக்கவே தேவையில்லாதபடி நடந்துகொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில், இவ்வளவு நெரிசலான இடத்துக்கு இவர்கள் ஏன் வருகிறார்கள்? பருவம்தான் காரணம். அட்லாண்டிக் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பனாமா பூமத்தியரேகையிலிருந்து வடக்கே 9 பாகை அளவில் இருப்பதால் சூறாவளிகள் பெரும்பாலும் அதற்கு வடக்கே போய்விடும். கரீபியனில் சுற்றிவிட்டுப் பசிபிக் தீவுகளுக்குப் போக நினைப்பவர்கள் இங்கே பாதுகாப்பாகத் தங்கி, தென் பசிபிக்கின் புயல் காலம் முடியும் சமயத்தில் அங்கே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புவார்கள். அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை படகுகள் வந்து குவியும். இந்த வழி வேண்டாம் என்றால் தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டும். நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் கப்பலுக்குக் கால்வாய் மிச்சப்படுத்தும் தூரம் சுமார் 13,000 கி.மீ. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு கேப் ஹார்ன் பக்கம் போக யாரும் விரும்பமாட்டார்கள். மனித குடியிருப்பே அரிதான குளிர்க்கடல் அது.

அட்லாண்டிக் பக்கம் கொலோன் நகரம். துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே, மேற்குக் கரையில் ஷெல்டர் பே என்ற மரீனா, அதாவது படகுகள் நிறுத்தும் துறை, இருக்கிறது. முன்பு அது ஃபோர்ட் ஷெர்மன் என்ற அமெரிக்க ராணுவத் தளம். காட்டில் போரிடும் பயிற்சி கொடுத்த இடம். 1999இல் கால்வாயும் சுற்றியிருந்த நிலமும் பனாமா கைக்கு வந்தன. ராணுவம் போன இடத்தைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது. விடியும் முன்பே ஊளைக் குரங்குகள் கத்த ஆரம்பித்துவிடும். படகுக் குழந்தைகளுக்கு அதுதான் அலாரம். கடைக்குப் போவது மட்டும் நீண்ட காலம் பெரும் பாடாக இருந்தது. கால்வாயைக் கடந்துதான் கொலோனுக்குப் போக வேண்டும். ஒரு கப்பல் உள்ளே நுழைந்தால் அது போகும் வரை சாலை போக்குவரத்து காத்திருக்கும். 2019இல் அட்லாண்டிக் பாலம் திறந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பசிபிக் பக்கம் நிலைமை வேறு. கால்வாய் வெட்டியபோது தோண்டிய பாறைகளைக் கொட்டி, சில சின்னத் தீவுகளைக் கரையோடு இணைத்து அமடோர் என்ற நீளமான சாலை போட்டார்கள். அதன் இரு பக்கமும் படகுகள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. கால்வாய் வாய்க்கு அருகே இருக்கும் லா பிளாயிட்டாவில் அலை ஓயாது. காற்றால் வரும் அலை இல்லை அது. கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகளை ஏற்றி இறக்கும் விரைவுப் படகுகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் கடக்கும்போது படகு புரளும். தட்டு நழுவும், தூங்குகிற குழந்தை உருளும். பால்போவா யாட் கிளப்பின் மிதவைகள் கப்பல் பாதைக்கே ஒட்டினாற்போல இருக்கின்றன. சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தால் கப்பலின் இரும்புச் சுவர் மட்டுமே தெரியும், வானம் தெரியாது.

அப்புறம் அலையேற்றம். அட்லாண்டிக் பக்கம் ஏற்ற இறக்கம் ஓரடி, ஒன்றரை அடிதான். பசிபிக் பக்கம் ஐந்து மீட்டருக்கு மேல் போகும் நாட்கள் உண்டு. நங்கூரக் கயிற்றை எவ்வளவு விடுவது, கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியை எங்கே கட்டுவது என்ற கணக்கு முழுக்க மாறும். கரையில் கட்டிவிட்டுப் போன டிங்கி, திரும்பி வரும்போது சேற்றில் கிடக்கும், அல்லது தலைக்கு மேல் தொங்கும்.

இனி ஆபத்தைப் பற்றிப் பேசலாம். கடல் சட்டத்தில் இயந்திரக் கப்பல் பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு பொது விதி இருக்கிறது. பலருக்கு அது மட்டும்தான் தெரியும். ஆனால் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் 9ஆம் விதி நேர் எதிராகச் சொல்கிறது: குறுகலான கப்பல் பாதையில், அந்தப் பாதையை விட்டு விலக முடியாத கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான படகும் பாய்மரப் படகும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. சின்னவன்தான் ஒதுங்க வேண்டும். இதில் அநியாயம் எதுவும் இல்லை. பெரிய கண்டெய்னர் கப்பல் வேகத்தில் வந்தால் நிற்கவே சில கிலோமீட்டர் தேவை. பாதையை விட்டு விலகினால் தரைதட்டும். அதைவிட முக்கியமானது பார்வை. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, முன்னால் 500 மீட்டர் வரைக்கும் கடல் மறைந்திருக்கச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. அந்த அரைக் கிலோமீட்டருக்குள் போன படகு, மாலுமியின் கண்ணுக்கு இல்லாத படகு.

"கப்பல் நம்மைப் பார்த்திருக்கும்" என்று நினைப்பதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. அனுபவமுள்ள குடும்பங்கள் இப்படித்தான் பழகுகின்றன: விஎச்எஃப் ரேடியோவில் 12ஆம் சேனலை எப்போதும் போட்டுவைப்பார்கள், கால்வாயின் சிக்னல் நிலையங்கள் அதில்தான் பேசும். ஏஐஎஸ் திரையில் ஒவ்வொரு கப்பலின் பெயர், வேகம், திசை எல்லாம் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைகூட அதைப் படித்துச் சொல்லிவிடும். கப்பல் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கப்பலின் பின்பக்கமாகக் கடப்பார்கள், தயங்கித் தயங்கிப் போகமாட்டார்கள், போக்கை முன்கூட்டியே தெளிவாகத் திருப்பிக் காட்டுவார்கள். ஐந்து குறுகிய ஹாரன் ஒலி கேட்டால் "நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று அர்த்தம். அது கேட்கும் நிலை வரவே கூடாது. இருட்டிய பிறகு விளக்கில்லாமல் டிங்கியில் போவதை நல்ல பெற்றோர் எவரும் அனுமதிப்பதில்லை. என் பார்வையில், இந்த வாழ்க்கைமுறையில் உயிருக்கு மிகப் பெரிய அச்சுறுத்தல் புயலைவிட அந்த விளக்கில்லாத டிங்கிதான். நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரை இருநூறு மீட்டர்தானே என்ற அலட்சியம் அதில் இருக்கிறது.

படகுக்குள்ளும் விதிகள் உண்டு. ஓரக் கம்பிகளைச் சுற்றி வலை கட்டியிருக்கும். சின்னப் பிள்ளைகள் மேல்தளத்துக்கு வந்தால் உயிர்காப்புச் சட்டையும், படகோடு கொக்கி மாட்டிய வாரும் கட்டாயம். மே முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இடி மின்னல் கடுமை. சுற்றிலும் தட்டையான தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் ஒரே உலோகக் கம்பம் அவர்கள் வீட்டுப் பாய்மரம். மின்னல் விழுந்தால் ரேடியோ, வழிகாட்டி, சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மின்னல் நெருங்கும்போது கைபேசிகளையும் சின்ன ரேடியோவையும் எடுத்து அடுப்பு ஓவனுக்குள் வைப்பார்கள். ஓவனின் உலோகப் பெட்டி மின்னலிலிருந்து கொஞ்சமாவது காக்கும் என்ற நம்பிக்கையில்.

கடக்கும் நாளுக்குத் தேதி வாங்குவதே தனி வேலை. கால்வாய் ஆணையத்தின் அளவையாளர் படகுக்கே வந்து நாடாவைப் பிடித்து நீளம் அளப்பார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பமும் நங்கூரமும் கூட நீளத்தில் சேரும். 65 அடிக்குக் குறைவான படகுக்கு ஒரு கட்டணம். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும். பெரிய கண்டெய்னர் கப்பல் பல லட்சம் டாலர் கட்டுகிற இடத்தில் இது சில்லறைதான். 1928இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். அவர் உடல் எடைக்குக் கணக்குப் பார்த்து வாங்கிய கட்டணம் 36 சென்ட். இன்று அப்படி நீந்த அனுமதி கிடையாது. கால்வாய் வழியிலுள்ள ஏரியில் முதலைகளும் இருக்கின்றன.

படகில் தலைவர் தவிர, கால்வாயில் படகை நிலையாக நிறுத்தக் கயிறு பிடிக்க நான்கு பேர் வேண்டும். குழந்தைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டே பேர். மீதிக்கு ஆள் எங்கே? பக்கத்துப் படகுகளில்தான். இன்று நீ என் படகில் வந்து கயிறு பிடி, அடுத்த வாரம் நான் உன் படகில் வருகிறேன். இந்தப் பண்டமாற்றில்தான் நங்கூரத் தளம் ஒரு ஊராக மாறுகிறது. அடுத்தவர் படகில் ஒருமுறை கடந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் முறை வரும்போது பாதிப் பயம் போயிருக்கும். காசு கொடுத்து உள்ளூர் ஆட்களை அமர்த்துபவர்களும் உண்டு. நன்றாகத் தெரிந்தவர்கள், கயிறு பிடிப்பது அவர்களுக்குத் தொழில். ஆனாலும் முதல்முறை கடக்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது, முதலில் இன்னொருவர் படகில் ஒருமுறை போய் வாருங்கள் என்பதுதான்.

சின்னப் படகுகளுக்குப் பைலட்டுக்குப் பதில் ஆலோசகர் ஒருவர் வருவார். அவருக்குச் சூடான சாப்பாடு, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், நிழல், கழிவறை எல்லாம் படகுக்காரர் பொறுப்பு. சாப்பாடு சரியில்லை என்று அவர் வெளியிலிருந்து வரவழைத்தால் அந்தச் செலவும் படகுக்காரர் தலையில்தான். அதனால் கடப்பதற்கு முந்தைய நாள் சமையலைப் பற்றியே குடும்பத்தில் பெரிய விவாதம் நடக்கும். கால்வாயில் பாய் விரிக்கவும் கூடாது, முழு வழியும் எஞ்சின்தான். ஆகவே அந்த வாரம் எஞ்சினுக்குப் பூஜை போடாத குறைதான்.

கால்வாயின் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்ரெஸ் ஆற்றை அணைகட்டித் தடுத்ததால் உருவான கத்தூன் ஏரி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாக் என்ற கதவுத் தொட்டிகள் வழியாகப் படகை மூன்று படியாக மேலேற்றி, ஏரியைக் கடக்கவிட்டு, மறுபக்கம் மூன்று படியாக இறக்குவார்கள். 1914 ஆகஸ்ட் 15 அன்று திறந்த பழைய தொட்டிகள் ஒவ்வொன்றும் 33.5 மீட்டர் அகலம், 305 மீட்டர் நீளம். 2016இல் இதைவிடப் பெரிய தொட்டிகள் வந்தாலும் பாய்மரப் படகுகள் வழக்கமாகப் பழையவற்றில்தான் போகின்றன. தண்ணீர் ஏற்ற பம்ப் எதுவும் இல்லை. ஏரியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் தொட்டியின் தரையிலுள்ள துளைகள் வழியாகப் பொங்கி வரும்.

அந்தப் பொங்கலைத்தான் கயிறு பிடிப்பவர்கள் சமாளிக்க வேண்டும். சுவரின் மேலிருந்து ஆணையத்தின் ஆட்கள் மெல்லிய கயிறு வீசுவார்கள். நுனியில் முறுக்கிய கனமான முடிச்சு, கல் மாதிரி வந்து விழும். சோலார் பலகையில் பட்டால் கண்ணாடி போச்சு. அதனால் முந்தின இரவே மெத்தை, தலையணை எல்லாவற்றையும் எடுத்துப் பலகைகள் மீதும் சன்னல்கள் மீதும் கட்டிவைப்பார்கள். அந்த மெல்லிய கயிற்றில் 38 மீட்டர் நீளமுள்ள தடித்த கயிற்றைக் கட்டி அனுப்ப, சுவரில் மாட்டுவார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு கயிறுகள் படகைத் தொட்டியின் நடுவில் நிறுத்தும். தண்ணீர் ஏற ஏறக் கயிறு தளரும். தளர்ந்ததை உடனுக்குடன் இழுத்து இறுக்க வேண்டும். ஒரு மூலையில் இருப்பவர் நாலு நொடி கவனம் தப்பினால் படகு திரும்பிச் சுவரில் மோதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிக்கவே கூடாது. படகில் கயிறு கட்டும் கொம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும், இல்லையென்றால் விரல் போய்விடும். பத்து நிமிடத்துக்குள் எட்டரை மீட்டர் ஏறியாகிவிடும். பல நேரம் இரண்டு மூன்று படகுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி ஒன்றாக அனுப்புவார்கள். அப்போது நடுப் படகின் எஞ்சின்தான் எல்லாருக்கும்.

ஏறும்போது பெரிய கப்பல் முன்னால், படகு பின்னால். கதவு திறந்ததும் கப்பல் நகர அதன் புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்த நீர் வேகம் பின்னால் நிற்கும் படகைத் தூக்கியடிக்கும். அதனால் கப்பல் நன்றாக வெளியேறும் வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. இறங்கும்போது படகு முன்னால், கப்பல் பின்னால் வந்து நிற்கும். கழுத்தை முழுக்க அண்ணாந்தால்தான் அதன் அணியம் தெரியும். பார்ப்பதற்கு இதுதான் பயங்கரம், ஆனால் கயிறு பிடிப்பவர்களுக்கு ஏற்றமே கடினம். இறக்கத்தில் கயிற்றை விட்டுக்கொடுத்தால் போதும். கடைசித் தொட்டியில் மட்டும் கவனம் வேண்டும். பசிபிக் முனையிலுள்ள மிராஃபுளோரெஸ் தொட்டியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் சேரும்போது நீரோட்டம் படகைத் தள்ளும்.

பெரும்பாலான படகுகளுக்கு இது இரண்டு நாள் வேலை. மாலையில் கத்தூன் தொட்டிகளில் ஏறி, ஏரியில் ஒரு பெரிய மிதவையில் இரவு கட்டி நின்று, காலையில் அடுத்த ஆலோசகர் வந்ததும் கிளம்புவார்கள். கடலில் மாதக்கணக்கில் இருந்த குழந்தைகளுக்கு நல்ல தண்ணீரில் மிதக்கும் இரவு அது. குதிக்கத் தோன்றும், தடை. ஏரியைத் தாண்டி, மலையை வெட்டி உண்டாக்கிய குலெப்ரா வெட்டு வழியாகப் போகும்போது எதிரே வரும் கப்பலுக்கும் படகுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. ஒரு விந்தையும் சொல்ல வேண்டும்: அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் படகு இங்கே தென்கிழக்காகப் போகிறது. பசிபிக் வாசல்தான் கிழக்கே தள்ளி இருக்கிறது.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒவ்வொரு கப்பல் கடக்கும்போதும் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் ஏரியிலிருந்து கடலுக்குப் போகிறது. பனாமா மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடிநீர் கொடுப்பதும் இதே நீர்நிலைகள்தான். 2023இல் எல் நினோவால் மழை பொய்த்தது. கணக்கெடுக்கத் தொடங்கிய 1950க்குப் பிறகு மிக வறண்ட அக்டோபர் அது. நாளொன்றுக்கு 36 கப்பல் என்ற அளவைப் படிப்படியாகக் குறைத்து 22க்குக் கொண்டுவந்தார்கள். அந்த நவம்பரில் முந்திப்போக ஏலத்தில் ஒரு கப்பல் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கொடுத்தது. பாய்மரப் படகுக்கென்று தனியாகத் தொட்டி நிரப்புவது அரிது. கப்பலோடு மீதமுள்ள இடத்தில்தான் அது ஏறிக்கொள்ளும். எனவே கப்பல் குறைந்தால் அவர்களுக்கான இடமும் குறையும். அந்தக் குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதைப் பெரிய துயரமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க ரியோ இந்தியோ ஆற்றில் புதிய அணை திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் ஊரை இழக்கப்போகும் விவசாயிகள் எதிர்த்து நிற்கிறார்கள். வீட்டையே நகர்த்திக்கொண்டு போகக்கூடியவர்களின் காத்திருப்பும், நகர்த்தவே முடியாத வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்களின் நிலையும் ஒன்றல்ல.

கால்வாயின் பசிபிக் வாசலிலுள்ள அமெரிக்காஸ் பாலத்தின் அடியில் பசிபிக் வந்ததும் குடும்பத்துக்கு அடுத்த வேலை தயாராக இருக்கும். பனாமா நகரக் கடைகளில் மாதக்கணக்குக்குச் சாமான் வாங்க வேண்டும். தீவுகளில் எல்லாம் விலை அதிகம், கிடைப்பதும் குறைவு. வழியிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் நின்று போவதானால் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். அங்கே அதிகாரிகள் தண்ணீருக்குள் இறங்கிப் பார்ப்பார்கள். பாசியோ சிப்பியோ ஒட்டியிருந்தால் திரும்பக் கடலுக்குப் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அனுமதிகளின் செலவையும் அலைச்சலையும் கணக்குப் பார்த்து, பல குடும்பங்கள் கலாபகோஸை விட்டுவிட்டு நேராகத் தென் பசிபிக்கின் மார்க்கேசாஸ் தீவுகளுக்குக் கிளம்புகின்றன. கிட்டத்தட்ட 4,000 கடல் மைல், பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல். ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும் என்றால் பனாமாவை விட்டு மார்ச் தொடக்கத்திலேயே நங்கூரம் தூக்கியாக வேண்டும்.